புதிய இசை தேடிய செவி

மாந்தர் பெறும் செல்வங்கள் பல. அவற்றுள் செவியின் வழியே வந்து உள்ளத்தில் தங்கும் செல்வமும் ஒன்றாம். அறிஞர் உரை அவ்வாறு வருவது. இனிய இசையும் அவ்வாறு வருவதே. பலரும் புகழ்ந்த பாட்டைக் கேட்டு மகிழ்தல் எளிது. ஒருவரும் அறியாத பாட்டைத் தேடிக் கேட்டு, அதன் நலம் உணர்ந்து, பிறர்க்கும் எடுத்துக் காட்டுதல் அரிது. அவ்வரிய தொண்டினைத் தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஜான் பீல் என்னும் ஆங்கிலேயர்.

பீல் 1939 ஆம் ஆண்டு லிவர்ப்பூல் நகருக்கு அணித்தான ஹெஸ்வால் என்னும் ஊரில் பிறந்தார். 1960 இல் அமெரிக்கா சென்று அங்கு வானொலித் தொழில் பயின்றார். 1967 இல் தாயகம் திரும்பி, கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல் ஒன்றிலிருந்து ஒலிபரப்பிய தனியார் வானொலியில் சில திங்கள் பணியாற்றினார். அவ்வாண்டிலேயே பி.பி.சி. நிறுவனம் இளைஞர்க்கென ‘ரேடியோ 1’ என்னும் நிலையத்தைத் தொடங்கிற்று. அதில் சேர்ந்த பீல், 2004 இல் இறக்கும் வரை, 37 ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் இசைத்தட்டு வாணிகம் பெரிதும் சில பெருநிறுவனங்களின் கையில் இருந்தது. அவை விரும்பாத குழுவின் பாட்டு ஊரெல்லையைக் கடப்பது அரிதாயிருந்தது. இந்நிலையை மாற்ற இளைஞர் சிலர் துணிந்தனர். மான்செஸ்டர் நகரத்துப் பஸ்காக்ஸ் என்னும் குழுவினர் உற்றாரிடமும் நண்பரிடமும் 500 பவுன் கடன் பெற்று, நான்கு பாடல்களைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் தாமே இசைத்தட்டாக வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை 1,000 தட்டுகளே. அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் மேலும் பல்லாயிரம் தட்டுகள் விற்றன. ‘நம்மாலும் இயலும்’ என்னும் ஊக்கம் ஊர்தோறும் பரவிற்று. லண்டனில் 1976 இல் தோன்றிய ‘ரஃப் டிரேட்’ போன்ற சிறு கடைகள் இத்தகைய தட்டுகளை வாங்கி விற்றன. பெருநிறுவனங்களைச் சாராது தன்னுரிமையோடு எழுந்த இவ்விசைக்கு ‘இண்டி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

தட்டு வெளிவந்தால் மட்டும் போதுமா? அதனைக் கேட்பார் வேண்டுமே! இவ்விடத்தேதான் பீலின் தொண்டு சிறந்து நின்றது. இளைஞர் பலர் தம் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் அஞ்சலில் அவருக்கு அனுப்பினர். அவை நாள்தோறும் குவிந்தன. அனுப்பியவர் பெயர் பெற்றவரா என அவர் நோக்கினாரல்லர். பாட்டில் புதுமை உண்டா என்றே நோக்கினார். தாம் தேர்ந்தவற்றை இரவு நிகழ்ச்சியில் ஒலிபரப்பினார். தட்டினைத் தவறான வேகத்தில் சுழலவிடுதலும் சிற்சில வேளை நேரும். கேட்போர் அதனையும் பொறுத்து மகிழ்ந்தனர். அவர்தம் அன்பு அவ்வளவினது.

அவர் நிகழ்ச்சிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இசைவாணர் தொழில் குன்றாதிருக்கும் பொருட்டு, வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்திற்கு அந்நாளில் உடன்படிக்கையால் வரையறை இருந்தது. ஆதலின் குழுக்களை நிலையத்திற்கே அழைத்துப் பாடச் செய்து பதிவு செய்தல் வேண்டியதாயிற்று. பீலின் நிகழ்ச்சிக்கென லண்டன் மைடா வேல் பதிவுக்கூடத்தில், பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாடல்கள் பதிவாகும். இவ்வாறு 2,000 க்கும் மேற்பட்ட கலைஞரும் குழுவினரும் பாடினர். பதிவுகளின் தொகை 4,000 ஐக் கடந்தது. தட்டு வெளியிடப் பொருளில்லாத எளிய குழுவினர்க்கு இஃது ஓர் அரிய வாயிலாக அமைந்தது.

அவ்வாயில் எத்தகையது என்பதனை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். வட அயர்லாந்து உள்நாட்டுப் பூசலால் அல்லலுற்ற காலம் அது. டெர்ரி நகரத்து இளைஞர் ஐவர் ‘அண்டர்டோன்ஸ்’ என்னும் பெயரால் ஒரு குழு அமைத்திருந்தனர். பெல்ஃபாஸ்ட் நகரில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்னும் சிறிய இசைத்தட்டுக் கடையை நடத்திய டெரி ஹூலி என்பார், 1978 இல் அவர்தம் ‘டீனேஜ் கிக்ஸ்’ என்னும் பாடலை வெளியிட்டார். அத்தட்டுப் பீலின் கைக்கு எட்டியது. ஒலிபரப்பினார், பாட்டு முடிந்தது, உடனே மீண்டும் அதனையே முழுதும் ஒலிபரப்பினார். நாடறியாத ஊரின் இளைஞர் நாடறிந்தவராயினர். அமெரிக்க நிறுவனம் ஒன்று அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்பாட்டின் ஓர் அடியே இன்று பீலின் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

புதியவரைக் கண்டதும் பழையவரைக் கைவிடுபவர் அல்லர் பீல். ‘தி ஃபால்’ என்னும் குழு மக்களிடையே பெரும்புகழ் பெற்றதன்று. ஆயினும் 1978 முதல் 2004 வரை 24 முறை அவர் நிகழ்ச்சிக்காகப் பாடிப் பதிவு செய்தது. குழுவில் பாடுவோரும் வாசிப்போரும் பலமுறை மாறினர். இசையின் போக்கும் மாறிற்று. அம்மாற்றங்களினூடே அதன் வளர்ச்சியை அவர் பொறுமையுடன் தொடர்ந்து கேட்டார். புதியதைத் தேடும் ஆர்வமும், விரும்பியதை விடாது பற்றும் உறுதியும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அருமையன்றோ?

பீலுக்குப் பின்னும் இப்பணி நின்றுவிடவில்லை. பி.பி.சி.யின் ‘6 மியூசிக்’ என்னும் நிலையம் 2002 இல் தோன்றி, இத்தகைய இசையை ஒலிபரப்பி வருகிறது. 2010 இல் அதனை மூடிவிடக் கருதினர். கேட்போர் திரண்டு எதிர்த்து எழுதினர், அம்முடிவு கைவிடப்பட்டது. கேட்போரின் குரலால் ஒரு வானொலி நிலையம் பிழைத்தது! 2008 இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப்’ என்னும் இணைய அங்காடியில், இசைக்குழுக்கள் தம் பாடல்களைத் தாமே விலை குறித்து விற்கின்றன; விலையின் பெரும்பகுதி அவர்களையே சேர்கிறது.

இன்று கைப்பேசியைத் தொட்டால் கோடிக்கணக்கான பாடல்கள் வந்து நிற்கின்றன. ஆயினும் ஓர் இடர் உண்டு. நாம் முன்பு கேட்டவற்றை ஒத்த பாடல்களையே கருவி பெரும்பாலும் நம்முன் வைக்கிறது. பழகிய சுவையே மீண்டும் மீண்டும் கிடைக்குமாயின் செவி வளருமா? பீலோ, ஆங்கில இளைஞரின் ஆரவாரப் பாட்டை அடுத்து ஜமைக்கா நாட்டுப் பாட்டையும், அதனை அடுத்து ஆப்பிரிக்கப் பாட்டையும் வைப்பார். ஒன்று பிடிக்காவிடினும் மற்றொன்று பிடிக்கும். பிடிக்காததும் மறுமுறை கேட்பின் பிடித்தல் கூடும்.

ஆகவே, இசையில் நாட்டமுடைய மாணவர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நன்று. புதிய பாட்டை ஒருமுறை கேட்ட அளவில் இகழ்தல் ஆகாது. விரும்பிய குழுவின் பெயரை நண்பர்க்கும் கூறுதல் வேண்டும். அக்குழுவினர் சிறிய அரங்கில் பாடினும் சென்று கேட்டலும், இயன்றபோது அவர்தம் பாடலை விலை கொடுத்து வாங்குதலும் கடமையாம். பிறர் சுவையைப் பழித்தல் சுவைஞர்க்கு அழகன்று.

பாடுவோரால் மட்டும் இசை வாழ்வதில்லை, கேட்போராலும் வாழ்கிறது. யாரோ ஓர் இளைஞன் தன் வீட்டுச் சிற்றறையில் அமைத்த பாட்டு, தன்னைக் கேட்கும் ஒரு செவியை எதிர்நோக்கி நிற்கிறது. அச்செவி நம்முடையதாகவும் இருத்தல் கூடும்.