புதுக் குடியிருப்புக்குக் குடிநீர்: குழாயை நீட்டுமுன் கணக்கிட வேண்டியவை

நேற்று வரை சோளம் விளைந்த நிலங்களில் இன்று வீட்டுமனைகள் எழுந்துள்ளன. அங்குக் குடியேறியோர் ஊராட்சிக்கு வரி செலுத்துகின்றனர், குடிநீர் கேட்கின்றனர். கேட்பது நியாயமே. உடனே மன்றத்தில் எழும் யோசனை, பழைய தெருவின் கடைசிக் குழாயிலிருந்து ஒரு கிளையை நீட்டிவிடலாம் என்பதாகும். செலவு குறைவு, வேலையும் விரைவில் முடியும். ஆயினும் குழாய் போய்ச் சேர்ந்த இடத்திற்கெல்லாம் நீரும் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை.

உதாரணமாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பழைய ஊரில் 200 வீடுகள்; வீட்டுக்கு 5 பேர் வீதம் 1,000 மக்கள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டரை அளவாகக் கொண்டது. அதன்படி பழைய ஊருக்கு 55,000 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு 60,000 லிட்டர். புதுக் குடியிருப்பில் 120 வீடுகள், 600 மக்கள். அவர்களுக்கு 33,000 லிட்டர். ஆக மொத்தம் 88,000 லிட்டர். தொட்டியை நாள்தோறும் இரண்டாம் முறையும் ஏற்றினாலன்றி இது கைகூடாது.

ஆழ்துளைக் கிணறு அதற்கு ஈடுகொடுக்குமா? இதை அறிய மோட்டாரைச் சில மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, பின்னர் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாய் வாயில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். 88,000 லிட்டருக்கு ஏழரை மணி நேரம் ஓட வேண்டிவரும். கார்த்திகையில் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். சித்திரை, வைகாசியில் அளக்க வேண்டும்.

அடுத்தது குழாயின் விட்டம். சிக்கனம் என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இங்கேதான். தொட்டி 12 மீட்டர் உயரத்தில் உள்ளது. குடியிருப்பு 800 மீட்டர் தொலைவில், சமதளத்தில் உள்ளது எனக் கொள்வோம். 33,000 லிட்டரை 2 மணி நேரத்தில் விட நிமிடத்துக்கு 275 லிட்டர் ஓட வேண்டும். 63 மி.மீ. பி.வி.சி. குழாயில் இந்த அளவு ஓட, உராய்வை வெல்வதற்கு மட்டுமே ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்தில் தொட்டி வேண்டும்! 90 மி.மீ. குழாயில் உராய்வுக்கு ஏறத்தாழ 8 மீட்டர் போகும், 110 மி.மீ. குழாயில் 3 மீட்டரே போகும். குடியிருப்பு இன்னும் வளருமாதலால் 110 மி.மீ. குழாயையே நாம் விரும்புகிறோம்.

இக்கணக்கும் தொட்டியிலிருந்தே தனிக் குழாய் பதித்தால்தான் பொருந்தும். பழைய தெருக் குழாயின் நுனியில் ஒட்டினால், அக்குழாயின் உராய்வும் சேரும். தெருவின் கடைசி வீடுகள் வறண்டு போகும். பல ஊர்களில் அக்கடைசியில் இருப்பது ஆதிதிராவிடர் குடியிருப்பு. புதுமனையில் வசதியுள்ள சிலர் இணைப்பில் மோட்டாரும் பொருத்திவிட்டால், அவர்களுடைய குடத்து நீரை எடுத்தே இவர்களுக்குக் கொடுத்தவர்களாவோம்.

தொட்டிக்கு நீரேற்றும் குழாயிலேயே துளையிட்டு இணைப்புக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இதற்கு மன்றம் இடமளிக்கலாகாது. மோட்டார் ஓடும்போது மட்டுமே அங்கு நீர் வரும், தொட்டி நிரம்பாது, தொட்டியில் இடும் குளோரினும் அவர்களுக்குக் கிட்டாது.

பழைய கிணறு கோடையில் தாங்காதெனில் குடியிருப்பிலேயே புதிய ஆழ்துளைக் கிணறும் சிறு தொட்டியும் அமைக்கலாம். ஆனால் நீரைச் சோதித்த பின்னரே தொட்டிக்கு அடிக்கல் நாட்டுக. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு ஆதாரமே இல்லாதவிடத்து 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இது மிகுந்திருந்தமையாலேயே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பெற்று, 2013இல் பயனுக்கு வந்தது.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் செல்லும் ஊர்களில், புதுக் குடியிருப்பின் மக்கள்தொகையைக் காட்டிக் கூடுதல் நீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். ஒதுக்கீடு உயராமல் தொட்டி மட்டும் கட்டினால், இருக்கும் நீரை இரண்டாகப் பங்கிட்டதாகவே முடியும். உயர்ந்தாலும் உள்ளூர்க் கிணற்றைக் கைவிடலாகாது. நெடுந்தொலைவுக் குழாய் உடைந்தால் அதுவே துணை.

இவற்றுள் எவ்வழியைத் தேர்ந்தாலும் கிராம சபையில் வைக்கும்போது புதுமனையினரை மட்டுமன்றிப் பழைய ஊரின் கடைசித் தெருவினரையும் அழைத்துக் கேட்க வேண்டும். அத்தெருவின் கடைசிக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறதென அளந்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுக. வேலை முடிந்த மறுவாரம், அதே குடத்தை அதே குழாயில், நீர் விடும் அதே வேளையில் வைத்து மீண்டும் அளந்து, அதனையும் அருகிலேயே எழுதுக.