கூலிக்குச் செய்த சரக்கின் மதிப்பு

நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினராயுள்ள எவரும் நன்கு அறிந்த ஏற்பாடு ஒன்று உண்டு. சங்கம் நூல் கொடுக்கிறது; அங்கத்தினர் நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். நூலும் சங்கத்தினுடையது, நெய்த சேலையும் சங்கத்தினுடையது. நெய்தவருக்கு உரியது கூலி மட்டுமே. அந்தச் சேலை கடையில் என்ன விலைக்குப் போயிற்று என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. இவ்வாறிருக்க, அரசாங்கம் அவரிடம் வந்து, "இந்தச் சரக்கைச் செய்தவர் நீர், இதன் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை வரி கட்டும்" என்று கேட்டால், அவர் எதை மதிப்பென்று சொல்வார்? கூலியையா? நூலும் கூலியும் சேர்ந்த அடக்கத்தையா? கடை விலையையா?

கைத்தறி நெசவாளர் இக்கேள்வியை நேரே எதிர்கொண்டது குறைவு. பிறருடைய காடாத் துணியை வாங்கிச் சலவை செய்தும், சாயமேற்றியும், அச்சிட்டும் கொடுத்த ஆலைகளே இதில் நெடுங்காலம் அல்லலுற்றன. ஆயினும் இவ்வழக்குகளில் எழுந்த நியாயங்கள் கூலிக்கு வேலை கொடுக்கும் சங்கங்களுக்கும், கூலிக்கு வேலை செய்யும் சங்கங்களுக்கும் இன்றளவும் பயன்படக் கூடியவை. ஆகவே இப்பாடத்தில் அவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் வரியின் இயல்பு. மத்திய கலால் வரி விற்பனையின் மீது விதிக்கப்படுவதன்று. உற்பத்தியின் மீது விதிக்கப்படுவது. எனவே அதைக் கட்டும் பொறுப்பு, பொதுவாக, செய்தவரையே சாரும். சரக்கு யாருடையது என்பது முக்கியமன்று. 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு மதிப்பிடும் முறையைக் கூறுகிறது. முன்பு இருந்த வாசகப்படி, சரக்கு ஆலையை விட்டு வெளியேறும் இடத்தில் மொத்த வியாபாரத்தில் அது சாதாரணமாக விற்கும் விலையே மதிப்பு. தம் சரக்கைத் தாமே செய்து தம் வாசலில் விற்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. கூலிக்குச் செய்பவரோ எதையும் விற்பதில்லை. அவர் வாசலில் விலை என்பதே கிடையாது. இல்லாத விலையை எங்ஙனம் கண்டுபிடிப்பது?

இதற்கு முன்பே வேறொரு சந்தேகமும் இருந்தது. துணி ஏற்கெனவே துணிதான். சாயமேற்றுவதனால் புதிய சரக்கு உற்பத்தியாகிறதா? ஆகவில்லை என்று 1979-இல் குஜராத் உயர் நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு நவம்பரிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. 1980-இல் அது சட்டமாயிற்று. சலவையும், சாயமும், அச்சும் உற்பத்தியே என்று முற்காலத்துக்கும் சேர்த்து அதில் எழுதிவிட்டார்கள். தீர்ப்பில் தோற்றதைச் சட்டத்தால் வெல்வது அரசாங்கங்களுக்குப் புதிதன்று. 1985-இல் எம்பயர் இண்டஸ்டிரீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இச்சட்டம் செல்லும் என்றது. பின்னர் உஜாகர் பிரிண்ட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு மீண்டும் ஆராய்ந்து, 1988 நவம்பரில் அதையே உறுதி செய்தது.

இனி மதிப்பு. ஆலைக்காரர்கள், "எங்கள் கூலிக்கு மட்டும் வரி போடுங்கள்" என்றார்கள். அது ஏற்கப்படவில்லை, வரி துணிக்கே அன்றிக் கூலிக்கு அன்று. துணிக்காரர் கடையில் விற்கும் விலையைக் கொள்ள வேண்டும் என்ற கட்சியும் ஏற்கப்படவில்லை. 1989 ஜனவரியில் வெளியிட்ட விளக்கத்தில் நீதிமன்றம் நடுவழி ஒன்றைக் காட்டிற்று. ஆலைக்கு வந்து சேர்ந்தபோது காடாத் துணிக்கு இருந்த மதிப்பு, செய்த வேலையின் மதிப்பு, உற்பத்திச் செலவும் உற்பத்தி லாபமும் ஆகிய இவை சேர்ந்ததே துணியின் மதிப்பு. ஆலைக்காரரே அத்துணியைத் தம் வாசலில் விற்றிருந்தால் என்ன விலை வந்திருக்குமோ, அதைக் கற்பித்துக் கொள்ள வேண்டும். துணிக்காரர் பிற்பாடு அடையும் வியாபார லாபம் அதில் சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காடாத் துணி மீட்டர் 40 ரூபாய். சாயக் கூலி, ஆலையின் லாபம் உட்பட, 12 ரூபாய். துணிக்காரர் வரி நீங்கலாக 75 ரூபாய்க்கு விற்கிறார். வரி நூற்றுக்குப் பத்து என்று உத்தேசமாக வைத்துக் கொள்வோம். உஜாகர் முறைப்படி மதிப்பு 52 ரூபாய். வரி 5 ரூபாய் 20 காசு. கடை விலையைக் கொண்டால் வரி 7 ரூபாய் 50 காசு. (முன்னரே கட்டிய வரிக்கான வரவை இங்கே கணக்கிடவில்லை.) வித்தியாசம் 2 ரூபாய் 30 காசுதானே என்று எண்ணலாம். 12 ரூபாய் கூலி வாங்குபவருக்கு அது சிறிய தொகையன்று. தாம் காணாத லாபத்தின் மீது அவர் வரி கட்டுகிறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உஜாகர் முறை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. துணிக்கு மட்டுமன்று, பிறர் பெயரில் பிஸ்கட் செய்து கொடுத்த கம்பெனி ஒன்றின் வழக்கிலும் 2000-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் இதையே பின்பற்றியது. அவ்வாண்டு ஜூலை முதல் 4-ஆம் பிரிவு மாறி, ஒவ்வொரு விற்பனையிலும் உண்மையாகக் கைமாறும் விலையே மதிப்பு என்றாயிற்று. அப்பொழுதும் கூலி வேலைக்குப் பழைய முறையே தொடர்ந்தது.

2007 ஏப்ரல் முதல் தேதி 10அ என்ற விதி நுழைந்து இதை மாற்றிற்று. சரக்கு ஆலையிலிருந்து நேரே வாங்குபவருக்குப் போகுமானால், சரக்குக்காரர் அவருக்கு விற்கும் விலையே மதிப்பு. சரக்குக்காரரின் கிடங்கு போன்ற வேறிடத்திலிருந்து பிற்பாடு விற்கப்படுமானால், அவ்விடத்தில் அச்சமயத்தில் நடக்கும் விலை மதிப்பு. இரண்டும் பொருந்தாவிடில் மற்ற விதிகளைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். பெரிய பெயருடைய கம்பெனிகள் சிறிய ஆலைகளில் செய்வித்து, அடக்க விலைக்கு மட்டும் வரி கட்டி, பன்மடங்கு விலைக்கு விற்றதைத் தடுக்கவே இவ்விதி வந்தது. நோக்கத்தைக் குறை கூற இயலாது. ஆனால் கட்டும் பொறுப்போ சிறிய ஆலையிடமே நின்றது. பிறருடைய விற்பனை விலையை அவர் அறிந்து சொல்ல வேண்டியதாயிற்று; சரக்குக்காரர் குறைத்துச் சொன்னால் நோட்டீசு வருவது ஆலைக்காரருக்கு. விலையைத் தெரிவிப்பது, வரியையும் பிற்பாடு எழும் வித்தியாசத்தையும் ஈடு செய்வது ஆகிய ஷரத்துக்களை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்கள் தப்பினார்கள். வாய்ப்பேச்சில் வேலை எடுத்தவர்கள் தங்கள் கூலியிலிருந்தே கொடுக்க நேர்ந்தது.

(எண்ணிக்கையின் மீது வரி விதிக்கும் சரக்குகளில் இந்தச் சங்கடமே இல்லை. பீடிக்கும் சிகரெட்டுக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கலால் வரி. அங்கே விலையைத் தேட வேண்டியதில்லை.)

2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. புகையிலைப் பொருள்கள், சில பெட்ரோலியப் பொருள்கள் நீங்கலாக ஏனையவற்றின் மீது கலால் வரி மறைந்தது. புதிய சட்டம் பிறர் பொருளின் மீது செய்யும் வேலையைச் சேவை என்று வகுத்தது. சாயப்பட்டறைக்கு இப்பொழுது வரி அதன் கூலிக்கு மட்டுமே. நம் கணக்கில் 52-க்கும் அன்று, 75-க்கும் அன்று, 12 ரூபாய்க்கே. பட்டறைக்காரர்கள் முப்பது வருஷத்துக்கு முன் கேட்டு மறுக்கப்பட்டது வேறொரு வழியாகக் கிடைத்திருக்கிறது.

ஆயினும் பொருள் யாருடையது என்ற கேள்வி இப்பொழுதுதான் அதிக முக்கியம் பெறுகிறது. துணி பிறருடையதாக இருக்கும் வரையில்தான் வேலை சேவையாகும். பட்டறைக்காரர் துணியைத் தம் பெயரில் விலைக்கு வாங்கி, சாயமேற்றித் திரும்ப விற்றதாகக் கணக்கு எழுதினால், முழு விலைக்கும் வரி உண்டு. வேலை ஒன்றே, புத்தகத்தில் எழுதும் விதத்தால் பலன் வேறாகிறது.

வேலை கொடுக்கும் சங்கம் காலக் கெடுவையும் கவனிக்க வேண்டும். பதிவு பெற்ற சங்கம் நூலையோ துணியையோ வரி கட்டாமல் கூலி வேலைக்கு அனுப்பலாம். அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். தறி முதலிய சாதனங்களுக்குக் கெடு மூன்றாண்டு. தக்க காரணம் காட்டினால் கமிஷனர் நீட்டிப்புத் தரலாம். கெடு தப்பினால், அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் கேட்கப்படும். சாயத்துக்கு அனுப்பிப் பட்டறை மூலையில் தங்கிப்போன நான்கு மூட்டை நூலும் இவ்வாறு விற்பனை ஆகிவிடக் கூடும்.

எனவே நூலோ துணியோ அனுப்பும்போது செல்லும் சீட்டில் தேதி, எடை அல்லது அளவு, மதிப்பு, எந்த வேலைக்கு, பொருள் சங்கத்துக்கே சொந்தம் என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். வேலையில் விழும் கழிவு யாருக்கு என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். பதிவு பெற்ற பட்டறையானால் கழிவை அதுவே வரி கட்டி விற்கலாம்; பதிவு பெறாததானால் அந்த வரி சங்கத்தின் பொறுப்பு.