கடலுக்கும் முறை உண்டு

பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்த எமக்கு, மீனுக்கு அளவு வைப்பது விளங்காத காரியமல்ல. ஊற்றுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும்.

இந்து சமுத்திரத்தின் மஞ்சள் செட்டைச் சூரை மிதமிஞ்சிப் பிடிக்கப்படுவதாக 2015இல் கண்டார்கள். அடுத்த வருடம் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு வரம்பு விதித்தது. பெருமளவு பிடிக்கும் நாடுகள் 2014இல் பிடித்ததிலிருந்து குறைக்கவேண்டியிருந்தது: சுருக்குவலைக் கப்பல்கள் 15 வீதம், செவுள் வலையும் நீண்ட தூண்டிற் கயிறும் 10 வீதம். எப்படிக் குறைப்பதென்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம் என்றிருந்தது. 24 மீற்றருக்குக் குறைந்த படகுகள் 200 கடல் மைலுக்கு அப்பால் போனாலே அதில் அடங்கின. எமது கரையோர வள்ளங்களுக்கு அது இருக்கவில்லை. 2024 மதிப்பீட்டின்படி சூரையின் நிலை தேறியிருக்கிறது.

கணக்கில்லாமல் வரம்பு நிற்காது. ஆழ்கடற் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லையென்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனைத் தடுத்தது. பலநாட் கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டிய பின்னர், 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. ஒழுங்காய்த் தொழில் செய்தவரும் சேர்ந்தே நட்டப்பட்டார்.

எமக்கு உறுத்துவது அந்த 2014 என்ற வருடம். 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு அவர்களது துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. 2014இல் அந்தத் துறையில் அவர்கள் பிடித்தது ஒன்றுமில்லை. பழைய பிடிப்பைப் பார்த்தே பங்கு பிரிப்பதானால், முறை வைத்த நாளில் ஊரில் இல்லாதவருக்குத் தண்ணீர் ஏது? காணியை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பங்கு கேட்கப் போகும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டும். துறையில் இறங்கும் மீனின் நாள், இனம், நிறை மூன்றையும் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு கொப்பியில் இப்போதே எழுதத் தொடங்கலாம்.