விசிறியும் வெப்பமும்

மேசைக் கணிப்பொறியின் அருகே செவி சாய்ப்பார்க்கு மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும். அவ்விரைச்சலின் ஒரு பகுதி, மின்வழங்கிப் பெட்டியினுள் விசிறி சுழல்வதால் எழுவதாகும். அதனை வெறுப்போர், ‘இவ்விசிறியை நிறுத்திவிட்டால் என்ன?’ என எண்ணுதல் இயல்பே. ஆயின், விசிறி அங்கு அமைந்த காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும்.

இந்தியாவில் இல்லங்கட்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடைய மாறுதிசை மின்னோட்டமாகும். கணிப்பொறியின் உறுப்புகளுக்கோ 12 வோல்ட், 5 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தமுடைய நேர்திசை மின்னோட்டமே வேண்டும். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது மின்வழங்கியின் பணி. அம்மாற்றத்தின்போது மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகின்றது. அவ்வெப்பம் வெளியேறாது தங்குமாயின், உறுப்புகளின் வாழ்நாள் குன்றும். மின்தேக்கிகளுள் ஒருவகை, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் தன் வாழ்நாளில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். இவ்வெப்பத்தைப் போக்கவே விசிறி சுழல்கின்றது.

1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஆப்பிள் 2’ என்னும் கணிப்பொறி உருவாயிற்று. அதில் விசிறியின் ஓசை இருத்தலாகாது என ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பினார். அதற்கேற்ற மின்வழங்கியை அமைத்தவர் ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர். பழைய முறையில், மிகையான மின்னழுத்தம் வெப்பமாகவே கழிக்கப்பட்டது. ஹோல்ட் மேற்கொண்ட முறையிலோ, மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்தப்பட்டு, வேண்டிய அளவே பெறப்பட்டது. வெப்பம் குறைந்தது, விசிறியும் வேண்டாததாயிற்று.

1984ஆம் ஆண்டு வெளிவந்த மக்கின்டாஷ் கணிப்பொறியிலும் விசிறி இல்லை. சூடான காற்று தானே மேலெழுந்து துளைகளின் வழியே வெளியேறும் என அமைத்தனர். ஆயின், திரையும் மின்வழங்கியும் ஒரே சிறு பெட்டியுள் அடங்கியமையால் வெப்பம் மிகுந்தது. சிலர் தனியே விசிறி வாங்கிப் பொருத்திக்கொண்டனர். 1987ஆம் ஆண்டு வந்த ‘மக்கின்டாஷ் எஸ்இ’யில் விசிறி இடம்பெற்றது. வெப்பத்தைக் குறைக்காது விசிறியை மட்டும் நீக்குதல் பயன் தராது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இவ்வுண்மையைக் கணக்கினாலும் தெளியலாம். கணிப்பொறிக்கு 300 வாட் தேவை எனக் கொள்வோம். மின்வழங்கியின் திறன் நூற்றுக்கு 60 ஆயின், அது 500 வாட் பெற்று 200 வாட்டை வெப்பமாக்கும். திறன் 90 ஆயின், வீணாவது ஏறத்தாழ 33 வாட்டே. 2004ஆம் ஆண்டு தோன்றிய ‘80 பிளஸ்’ தரச்சான்று, திறன் நூற்றுக்கு 80க்குக் குறையாத மின்வழங்கிகளுக்கு அளிக்கப்படுகின்றது.

வெப்பம் குறைந்தபின் எஞ்சும் ஓசையைத் தணிக்கவும் வழியுண்டு. சிறிய விசிறி விரைந்து சுழன்று தள்ளும் காற்றினைப் பெரிய விசிறி மெல்லச் சுழன்றே தள்ளும். மெல்லச் சுழல்வது ஓசை குறைந்தது. ஆதலின், 80 மில்லிமீட்டர் விசிறிகள் இருந்த இடத்தில் 120 மில்லிமீட்டர் விசிறிகள் வந்தன. வெப்பத்தை உணர்ந்து விரைவை மாற்றிக்கொள்ளும் விசிறிகளும் உள்ளன.

காற்றுத் துளைகளைத் தூசி அடையாமற் காத்தல் பயன்படுத்துவோர் கடன். ஆயின், மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தல் கூடாது. மின்தொடர்பை நீக்கிய பின்னரும் அதனுள் உயிருக்கு ஊறு விளைக்கும் மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

ஓசையை அடக்க விரும்புவோர் அதன் காரணத்தை அடக்குதல் வேண்டும். வெப்பம் தணியின், விசிறி தானே அமைதியுறும்.