வரப்பில் வாழும் சிறுசெடி

நாஞ்சில் நாடு இருபருவ மழையும் பெறும் நன்செய் நாடு. பழையாறு பாயும் இந்நாட்டில், மண்வெட்டியால் புதிதாக அணைத்த வரப்பிலும், தூர்வாரிக் குவித்த குளக்கரை மண்ணிலும், மழைக்குப் பின்னர்ப் பச்சைப் பட்டு விரித்தாற்போல ஒரு படலம் தோன்றும். மக்கள் இதனைப் பாசி என்பர். குனிந்து நோக்கின், அஃது ஒரே படலமன்று என்பதும், நெல்மணியளவு உயரமும் இல்லாத எண்ணற்ற செடிகளின் கூட்டம் என்பதும் விளங்கும்.

பாசி என்னும் சொல் பரந்த பொருளுடையது. குறுந்தொகையில் பரணர் பசலைக்கு உவமையாக்கிய பாசி நீர்நிலையிற் படர்வது. நாம் கூறும் இதுவோ மண்ணில் வளர்வது. இதற்குச் சிறு தண்டும் இலையும் உண்டு. பூவும் விதையும் உண்மையான வேரும் இல்லை. தாவர நூலார் இவ்வகையை மாஸ் என்பர்.

கிளறிய மண்ணில் இது தோன்றுவது ஏன்? புல்லும் பூண்டும் செறிந்த இடத்தில் இதற்கு ஒளி கிட்டாது. வெறுமண் கிடைத்தவிடத்து முதற்குடியாய் அமர்ந்து, பெருஞ்செடிகள் தழைக்குமுன், வெயில் காய்ச்சுமுன், மீண்டும் ஏர் புகுமுன் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. வித்தினும் நுண்ணிய தூளாகிய சிதல்களைத் தூவி, அடுத்த தலைமுறைக்கு வழிசெய்துவிட்டே மடிகிறது.

இதன் பெயரை அறிவது எங்ஙனம்? இலையை மட்டும் கண்டு பெயரிடலாகாது. வேறு வேறு செடிகளின் இலைகளும் ஒத்திருக்கும். காம்பின் நுனியில் சிதற்பை முற்றும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர்ப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் நோக்குக. இலைகள் இறகுபோல இருவரிசையாய்த் தட்டையாக அமைந்திருப்பின் அது பிசிடென்சு. செடி வெள்ளிபோல் மின்னின் அது வெள்ளிப் பிரையம். பை பேரிக்காய் வடிவில் வளைந்து, நெடுங்காம்பில் தொங்கி, வாயில் பல்வரிசை பெற்றிருப்பின் அது பியூனேரியா. தீயெரிந்த நிலத்தை அது பெரிதும் நாடும். பை குறுங்காம்பில் நிமிர்ந்து நின்று, மூடி விழுந்தபின் பல்லில்லாத அகன்ற வாயுடன் சிறு கிண்ணம்போல் தோன்றின் பிசுகோமிட்ரியம் எனக் கருதலாம். அதனை உறுதிசெய்ய, இலையின் நுண்ணறைகளையும் சிதல்களையும் நுண்ணோக்கியிற் காணல் வேண்டும்.

கண்ட இடம், நாள், மண்ணின் இயல்பு ஆகியவற்றைக் காகித உறையின்மேல் எழுதி, செடியை உலர்த்தி உள்ளே வைத்தால் அது பல்லாண்டு கெடாது. கோடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த போரோ என்னும் பிரெஞ்சு நாட்டுத் துறவியார், பழனிமலை மாஸ்களை ஆராய்ந்து 1961-ஆம் ஆண்டில் ஒரு நூற்கட்டுரை வெளியிட்டார். அத்தகைய உழைப்பின் அடிப்படை இவ்வெளிய உறைகளே.

சிறிதென்று இதனை இகழற்க. பிசுகோமிட்ரியம் பேட்டன்சு என்னும் சேற்றுநிலச் செடியின் மரபணுத் தொகுதியை அறிஞர் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாஸ் வகையில் அங்ஙனம் ஆராயப்பெற்றது அதுவே முதலாவதாகும். செடிகள் நீரைவிட்டு நிலத்தில் வாழக் கற்ற வரலாற்றை அறிய அது துணைபுரிகின்றது.

நாஞ்சில் நாட்டு வயல்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. வரப்பு அழியின், அதனை நம்பி வாழும் சிற்றுயிரும் அழியும். பெயரறியாத ஒன்று மறைந்துவிடின், நாம் இழந்தது இன்னதென்றும் உணரமாட்டோம். ஆதலின் மாணவர்களே, மழை ஓய்ந்த பின்னர் வரப்போரம் செல்லுங்கள், பொறுமையுடன் நோக்குங்கள், கண்டதைக் கண்டவாறே எழுதிவையுங்கள். அறிவு அங்கேதான் தொடங்குகிறது.