தவளை எப்போது வெளியே வரும்? வெப்பமும் நீரும் குறித்த ஒரு வகுப்பறைப் பாடம்

"கோடையில் தவளைகள் எங்கே போகின்றன?" என்று வகுப்பில் கேட்டால், "கோடை உறக்கம்" என்ற விடை உடனே வந்துவிடும். "ஏன் உறங்குகிறது? எதை உணர்ந்து விழிக்கிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பெயர் தெரிந்த மாணவருக்குக் காரணமும் தெரிய வேண்டுமானால், வெப்பநிலை, நீர் என்ற இரு காரணிகளையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் பழக்க வேண்டும். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு இப்பாடம் முழுமையாகப் பொருந்தும். தொடக்க வகுப்புகளுக்குக் கைக்குட்டைச் செயல்பாடு மட்டும் போதும்.

தோல் செய்யும் வேலை

தவளை நம்மைப்போல் வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிறு, தொடைப் பகுதித் தோலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வீட்டில் தண்ணீர்ப் பானையின் அடியில் தேரை வந்து உட்காருவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். ஈர மணலில் வயிறு படியும்படி அது உட்கார்ந்திருப்பது நீருக்காகத்தான். ஆனால் நீரை உள்ளே விடும் அதே தோல், வெயிலில் நீரை வெளியேயும் விட்டுவிடும். தோல்வழிச் சுவாசத்திற்கும் ஈரம் தேவை.

இரு காரணிகள்

தவளையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. குளிர்ந்தால் தசைகள் மெதுவாக இயங்கும், தாவும் தூரம் குறையும். வெப்பம் ஏற ஏற இயக்கம் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் மீண்டும் தளரும். உடலில் நீர் குறைந்தாலோ, தகுந்த வெப்பநிலையிலும் தவளை விரைவில் களைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் சிக்கல் பெரிது: சூடான, வறண்ட காற்று நீரை வேகமாகப் பறிக்கும், நீரிழந்த உடலோ ஆவியாதல் மூலம் தன்னைக் குளிர்விக்க முடியாது. எனவேதான் பெரும்பாலான தவளைகள் இரவிலும் மழையிலும் நடமாடுகின்றன.

வறட்சியைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. நீரின்மேல் தத்திச் செல்லும் குளத்துத் தவளை, நீர் உள்ள இடத்தை விட்டு அகலாது. வளைதோண்டும் தவளை, பின்காலில் உள்ள மண்வெட்டி போன்ற புடைப்பால் பின்புறமாகத் தோண்டி மண்ணுக்குள் இறங்கிவிடும். மண்ணுள் மறைந்து கிடக்கும் தவளைக்கு 'நுணல்' என்று தனிச்சொல்லே தமிழில் உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலை இதற்கு நல்ல சான்று தருகிறது. 2003இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமான ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. தென்மேற்குப் பருவமழையையொட்டிச் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்திற்காக மேலே வருகிறது. அதன் நெருங்கிய உறவினமான மற்றோர் இனம், மலையின் கிழக்குச் சரிவில் திருவில்லிபுத்தூர்ப் பகுதியிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்டது. அது இனப்பெருக்கம் செய்வது வடகிழக்குப் பருவமழையில். மலை ஒன்றுதான், சரிவுக்குச் சரிவு மழைக்காலம் வேறு. தவளை மழைக்குத்தான் கட்டுப்படுகிறது, மாதத்திற்கு அல்ல.

செயல்பாடு 1: நான்கு கைக்குட்டைகள்

ஒரே அளவுள்ள நான்கு பருத்திக் கைக்குட்டைகளை நனைத்து, நீர் சொட்டாத அளவு பிழிந்து எடை பார்க்கவும். ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் விரிக்கவும். மூன்றாவதை நான்காக மடித்து நிழலில் வைக்கவும். நான்காவதையும் மடித்து, ஈர மணல் பரப்பிய மண்சட்டிக்குள் வைத்து மூடவும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எடை பார்த்து, இழந்த நீரைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

முதல் இரண்டும் வெப்பத்தின் விளைவைக் காட்டும். இரண்டாவதும் மூன்றாவதும், தவளை ஏன் கால்களை உடலோடு ஒடுக்கி உட்காருகிறது என்பதை விளக்கும். நான்காவது மண்வளைக்கு மாதிரி. நிழலில் விரித்த துணியைத் தொட்டால் குளிரும். பானைத் தண்ணீர் குளிரும் காரணத்தை இங்கே இணைத்துச் சொல்லலாம்.

செயல்பாடு 2: ஒலிக் குறிப்பேடு

மாணவர்கள் மாலையில் வீட்டிலிருந்தபடியே கேட்டுக் குறிக்க வேண்டும். தேதி, வெப்பநிலை, மழையளவு, தவளை ஒலி (இல்லை, சில, பல) என நான்கு கட்டங்கள் போதும். நேரான பக்கங்களுள்ள பாட்டிலும் அளவுகோலும் மழைமானி ஆகும். ஒரு மாதம் கழித்து, வெப்பநிலை ஒன்றாக இருந்து மழை மட்டும் வேறுபட்ட நாட்களை ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு மழை பெய்தும் குளிர் மிகுந்த நாட்களைப் பாருங்கள். ஒரு காரணியை மாறாமல் வைத்து மற்றதை ஆராயும் முறை இதில் இயல்பாகவே வந்துவிடும்.

தவளைகளைப் பிடிக்கவோ இரவில் தேடிச் செல்லவோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. மே மாதத்தில் ஒருநாள் கனமழை. தவளைகள் குட்டையில் முட்டையிட்டன. பிறகு மூன்று வாரம் மழையில்லை. தலைப்பிரட்டைகள் என்னவாகும்?

2. வயலுக்கும் குளத்துக்கும் நடுவே சாலை உள்ளது. எந்த இரவில் அங்கே அதிகத் தவளைகள் வண்டிகளில் அடிபடும்? ஏன்?

முட்டையிட ஏற்ற அதே மழை இரவுதான் அவற்றுக்கு ஆபத்தான இரவும். 2023இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் ஆபத்தில் உள்ளன. இரண்டாம் வினாவுக்கு மாணவர் விடை எழுதியதும், "நம் ஊரில் அந்த இடம் எது?" என்று கேளுங்கள். அந்த இடத்தை ஊர் வரைபடத்தில் குறிக்கச் சொல்லி, மழை இரவில் அங்கே மெதுவாகச் செல்லும்படி வீட்டில் வண்டி ஓட்டுவோரிடம் எடுத்துச் சொல்லச் செய்யுங்கள்.