முட்டுக்கட்டையும் டிஸ்க் பேடும்

சுந்தரர் பிறந்த ஊர் நம் திருநாவலூர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய அச்சிறுவனைக் கண்டு விரும்பித் தம் மகனாக வளர்த்தார் நரசிங்கமுனையரையர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. சிறுதேருக்குப் பிரேக் எதற்கு? கயிற்றை விட்டால் நின்றுவிடும். ஆனால் சுந்தரர் பின்னாளில் வாழ்ந்த திருவாரூரின் ஆழித்தேர் அங்ஙனம் நிற்குமா? உருளும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை கொடுத்தே நெடுங்காலம் அதை நிறுத்தினர். திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்த பின்னரும், தேரைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடுவோரின் கைத்திறன் வேண்டியே இருக்கின்றது.

அவர்கள் கட்டையைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். காருக்கு பேட் வாங்கும் நாமோ "எது மலிவு?" என்று மட்டும் கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

என் மாமாவின் பழைய காருக்குப் பெயரில்லாத பெட்டியிலிருந்த பேடுகளை நானே வாங்கி வந்தேன். இரண்டு வாரம் கழித்து வெள்ளிமலையில் ஒரு விசேஷத்திற்குச் சென்று, மாலையில் கச்சிராயபாளையம் நோக்கி இறங்கினோம். பாதி வழியில் கருகல் நாற்றம். பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருந்தது. வண்டியோ வேகம் குறையவில்லை. பின்னிருக்கையில் அத்தையும் இரண்டு குழந்தைகளும். மாமா இரண்டாம் கியருக்கும், பிறகு முதல் கியருக்கும் மாற்றி, மலைப்பக்கம் ஒட்டி ஒருவாறு நிறுத்தினார். என்னை அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

நடந்தது என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 60 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். அதே வண்டியை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்த 2.4 லட்சம் ஜூல் போதும். ஆக, மலையிறக்கம் என்பது நெடுஞ்சாலையில் இருபத்தைந்து முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய இந்த வெப்பத்தில் பெரும்பகுதியை, எஞ்சின் தடுத்துத் தராவிட்டால், பிரேக்குகளே ஏற்க வேண்டும். அதிலும் முன்சக்கரங்களுக்கே அதிகப் பங்கு. பிரேக் போடும்போது எடை முன்னே சாய்கிறதல்லவா?

பேடில் உள்ள பொருள்களைப் பிணைப்பது ஒருவகைப் பிசின். மட்டமான பேடில் அது விரைவில் சிதைந்து, உராய்வு குறைந்துவிடுகிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காதது இதனால்தான். மாறாக, பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கக்கூடும். டாட் 3 ஆயில் புதியதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். பேட் மாற்றுவோர் பலர் ஆயிலை மறந்துவிடுவது விந்தைதான்.

பேடின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருப்பதுண்டு. முதலாவது மிதமான வெப்பத்திலும், அடுத்தது கடும் வெப்பத்திலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'இ' என்றால் உராய்வுக்கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' அதற்கும் மேல். 'எஃப்இ' என்றிருந்தால் சூடேறும்போது பிடி தளரும் என்று பொருள். ஆனால் எழுத்து உயர்ந்தால் எல்லாம் உயர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியைச் செய்தவர் வகுத்த அளவோடு ஒத்திருப்பதே முக்கியம். சென்னைப் பாடியில் 1962-இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் நம் மாநிலத்திலேயே இருக்க, பெயரில்லாப் பெட்டியை நான் ஏன் தேடினேனோ!

இனி டிஸ்க். இது சாம்பல் நிற வார்ப்பிரும்பு. தாங்கக்கூடிய குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். நம் ஆய்வகத்திலுள்ள திருகு அளவியைப் போன்ற ஒன்றால் பல இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். குறைந்துவிட்டால் கடைசல் பிடிப்பதில் பயனில்லை. மெலிந்த தட்டு வெப்பத்தை ஏற்காது. தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் பெடல் காலில் துடிக்கும். சில வேளை குற்றம் டிஸ்கில் இராது. அது பொருந்தும் ஹப்பில் படிந்த துருவே கோணலாக்கும். துளையிட்ட டிஸ்குகள் பார்க்க அழகு. துளையோரம் விரிசல் விடுவதும் உண்டு. நம் சாலைகளுக்கு அவை வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஆதலின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பேடில் கல்நார் இருக்கலாம். தூசியை வாயால் ஊதக் கூடாது. புது டிஸ்கின் மேலுள்ள எண்ணெயைத் துடைத்தெடுத்து, முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாகவே மிதிக்க வேண்டும்.

மாமாவின் காருக்கு இப்போது நான்கு பேடுகளும் இரண்டு டிஸ்குகளும் ஆயிலும் மாற்றியாயிற்று. சென்ற மாதம் மறுபடி வெள்ளிமலை சென்று வந்தோம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தார். அடிவாரத்தில் நான் இறங்கிச் சக்கரத்தின் அருகே கையை நீட்டிப் பார்த்தேன். அனல் அடித்தது, கருகல் நாற்றம் இல்லை.